ஓ.ஜி.ரி.ரி தரவுக்கு ஆக்கர்மன் மாதிரியுரு பொருந்தவில்லை: பிழை கணக்கிலா, குருதியிலா?

பாம்பைமடு மாணவி கேட்டது:

வணக்கம். பிரயோக கணித இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கிளினிக்குகளின் ஓ.ஜி.ரி.ரி (குளுக்கோசு குடிக்கக் கொடுத்துச் சீனியை அளக்கும் சகிப்புச் சோதனை) தரவை வைத்து வேலை செய்கிறேன். பெயரும் இலக்கமும் நீக்கித்தான் தந்தவை. 75 கிராம் குளுக்கோசு குடிக்க முன்னும், பின் 30, 60, 90, 120, 180 நிமிடங்களிலும் எடுத்த நாளக் குருதி. அலகு மில்லிகிராம் / டெசிலீற்றர்.

நான் பொருத்துவது 1960களில் ஆக்கர்மன் குழு தந்த மாதிரியுரு:

குளுக்கோசு(நே) = கு₀ + எ × அடுக்கு(−அ·நே) × கோசைன்(ம·நே − த)

நே நேரம், கு₀ வெறுவயிற்றுப் பெறுமானம், எ வீச்சம், அ தணிவு, ம கோண மீடிறன், த கட்டம். ஆவர்த்தன காலம் 4 மணித்தியாலத்துக்குக் குறைவென்றால் சாதாரணம், கூடினால் நீரிழிவுச் சந்தேகம் என்று பாடநூல் சொல்கிறது. நான் 2π-ஐ ம-ஆல் பிரித்து எடுத்தேன்.

பிரச்சினை மூன்று. ஒன்று, சீனி முழுக்கச் சாதாரணமாக இருக்கிற ஆட்களுக்கும் 5, 6 மணித்தியாலம் வருகிறது. இரண்டு, சிலருக்கு எக்செல் சொல்வர் (தீர்வு தேடும் கருவி) முடிவுக்கே வராமல் ம-ஐப் பூச்சியத்துக்குக் கொண்டுபோகிறது. ஓர் உதாரணம்: 79, 148, 131, 108, 96, 88. மூன்று, வெறுவயிற்று இன்சுலினும் அளந்த சிலருக்கு ஹோமா (வெறுவயிற்றுக் குளுக்கோசையும் இன்சுலினையும் வைத்து இன்சுலின் எதிர்ப்பைக் காட்டும் சுட்டி) கணித்தால் 37, 40 என்று வருகிறது. எங்கே பிழை விடுகிறேன்?


இரணைமடு எழுதியது:

முதலில் கணக்குப் பக்கம். உங்கள் மாதிரியுரு எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பாருங்கோ. குளுக்கோசு விலகலுக்கு (வெறுவயிற்றுப் பெறுமானத்தைக் கழித்தால் வருவது) ஒரு சமன்பாடு, ஓமோன் விலகலுக்கு ஒரு சமன்பாடு. இரண்டையும் சேர்த்து ஓமோனை நீக்கினால் கிடைப்பது தணிந்த அலைவின் இரண்டாம் வரிசைச் சமன்பாடு:

வி″ + 2அ·வி′ + ம₀²·வி = 0

இதில் வி குளுக்கோசு விலகல், ம₀ இயல்பு மீடிறன். நீங்கள் பொருத்தி எடுக்கும் ம என்பது தணிந்த மீடிறன். ம² = ம₀² − அ². 4 மணித்தியாலக் கோடு 2π/ம₀ என்ற இயல்பு ஆவர்த்தன காலத்துக்குச் சொல்லப்பட்டது, 2π/ம என்பதற்கு அல்ல. தணிவு பெரிதாக இருக்கிற ஆளுக்கு ம மிகச் சிறியதாகும், நீங்கள் எடுக்கும் காலம் ஊதிப்போகும். ஆகவே மீடிறனை ம₀ = √(ம² + அ²) என்று மாற்றி எல்லாருக்கும் திரும்பக் கணியுங்கோ. முதல் பிரச்சினையின் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

ஏன் ம₀ என்ற ஒன்றை எடுத்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. அளவீட்டில் சிறு பிழை வந்தாலும் அ கடுமையாக ஆடும். ம₀ அதைவிடக் குறைவாக ஆடும். "குறைவாக" என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அதைப் பின்னால் காட்டுகிறேன்.

இரண்டாவது, சொல்வரை இயக்க முன்னம் தரவே இந்த மாதிரியுருவுக்குள் வருமா என்று கையாலே பார்க்க ஒரு வழி. 30, 60, 90, 120 சம இடைவெளி. தணிந்த அலைவாக இருந்தால் அடுத்தடுத்த விலகல்கள் இந்தத் தொடர்புக்கு அடங்க வேண்டும்:

அடுத்தது = ப × இப்போதையது + க × முந்தையது

இங்கே −க = அடுக்கு(−60·அ), ப = 2 × அடுக்கு(−30·அ) × கோசைன்(30·ம). ஆகவே க கட்டாயம் மறை எண்ணாக, −1க்கும் 0க்கும் இடையில் இருக்க வேண்டும். ப² + 4க பூச்சியத்துக்குக் கீழே இருந்தால்தான் அலைவு.

உங்கள் உதாரணத்தில் 79-ஐக் கழித்தால் விலகல்கள் 69, 52, 29, 17, கடைசி (180) 9.
29 = 52ப + 69க
17 = 29ப + 52க
தீர்த்தால் ப = 0.477, க = +0.061. க நேர் எண். எந்தத் தணிவுக்கும் எந்த மீடிறனுக்கும் இப்படி வராது. சொல்வர் ம-ஐப் பூச்சியத்துக்குத் தள்ளுவது அதன் பிழை இல்லை, அதற்குப் போக வேறு இடமில்லை.

2 மணித்தியாலப் பெறுமானம் 96 இருக்கிற ஆளின் விலகல் 180 நிமிடத்திலும் +9இல் நிற்பது எனக்கு இடிக்கிறது. சாதாரண ஆளில் பெரும்பாலும் இன்சுலின் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்து, குளுக்கோசு தொடங்கிய மட்டத்துக்குக் கீழே சற்றே இறங்கித்தான் திரும்பும். குருதி எப்படிக் கையாளப்பட்டது என்று விசாரியுங்கோ. என்ன ரியூப், எப்போது சுழற்றிக் கலங்களைப் பிரித்தது?

ஹோமா பற்றி: அலகுப் பிழை. சூத்திரம் 1985இல் ஒக்ஸ்ஃபோர்ட் குழு தந்தது. குளுக்கோசு மில்லிமோல் / லீற்றரில், இன்சுலின் மைக்ரோ அலகு / மில்லிலீற்றரில், பெருக்கி 22.5ஆல் பிரிக்க வேண்டும். அந்த 22.5 மாயமில்லை: சாதாரண ஆளுக்கு குளுக்கோசு 4.5, இன்சுலின் 5 என்று எடுத்தால் பெருக்கம் 22.5, விடை 1. குளுக்கோசு 94, இன்சுலின் 9 உள்ள ஒருவருக்கு:

சரி: 94 ÷ 18 = 5.2, 5.2 × 9 ÷ 22.5 = 2.08
பிழை: 94 × 9 ÷ 22.5 = 37.6

மில்லிகிராமிலேயே கணிக்க விரும்பினால் 405ஆல் பிரியுங்கோ. இன்னொரு பொறி: சில ஆய்வுகூட ரிப்போட்டில் இன்சுலின் பிக்கோமோல் / லீற்றரில் வரும். 9 மைக்ரோ அலகு என்பது ஏறத்தாழ 54 பிக்கோமோல். மாற்றாமல் போட்டால் 12.5 வரும். 37ஐப் பார்த்தால் பிழையென்று உடனே தெரியும், 12ஐப் பார்த்து "கடும் இன்சுலின் எதிர்ப்பு" என்று ஒருவர் நம்பிவிடுவார். அதுதான் ஆபத்தான பிழை.

இன்சுலின் சுரக்கும் பீட்டா கலத் தொழிற்பாட்டுக்கான ஹோமாவில் (20 × இன்சுலின் ÷ (குளுக்கோசு − 3.5)) கீழ் எண்ணைக் கவனியுங்கோ. 5.2க்கு 106 வீதம் வரும். அதே இன்சுலினோடு குளுக்கோசு 3.9 என்றால் 450. 3.5க்குக் கீழே போனால் மறை எண். குளுக்கோசு 4.0க்குக் கீழே உள்ளவர்களுக்கு இதைக் கணிக்காமல் விடுவதே மேல்.


மல்லாவி எம்.எல்.ரி எழுதியது:

தங்கச்சி, இரணைமடு கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தால் எழுதுங்கோ. ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் எண்ட முறையில எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஒரு ஆளின்ர ஆறு ரியூப்பையும் ராக்கில அடுக்கி வைச்சு, 180 நிமிடக் குருதி எடுத்து முடிஞ்ச பிறகு எல்லாத்தையும் ஒண்டாச் சுழற்றினவையா? அதுவும் சிவப்பு மூடி ரியூப்பிலயா?


பாம்பைமடு மாணவி எழுதியது:

விசாரித்தேன். நீங்கள் சொன்னபடிதான். அந்தத் தொகுதிக்குப் புளோரைட் உள்ள சாம்பல் மூடி ரியூப் கிடைக்காததால் சாதாரண ரியூப்பில் எடுத்து, கடைசிக் குருதி வந்ததும் ஆறையும் ஒன்றாகச் சுழற்றியிருக்கிறார்கள். அறை வெப்பநிலையில்தான் இருந்தது. ஆனால் ஆறுக்கும் ஒரே மாதிரித்தானே நடந்தது, ஒரே அளவு குறைந்தால் விலகல் மாறாதே?


மல்லாவி எம்.எல்.ரி எழுதியது:

ஆறுக்கும் ஒரே மாதிரி நடக்கேல்லை. அதுதான் விசயம்.

குருதிக் கலங்கள் ரியூப்புக்குள்ளயும் உயிரோடதான் இருக்கும், குளுக்கோசைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். கலமும் பிளாஸ்மாவும் பிரியாமல் அறை வெப்பநிலையில நிண்டால் மணித்தியாலத்துக்கு 5 தொடக்கம் 7 வீதம் குறையும். சித்திரை, வைகாசி வெக்கையில இன்னும் கூட. வெள்ளைக் கலம் கூடின ஆளில, காய்ச்சல்காரரில, அதுக்கும் மேல.

இப்ப பாருங்கோ. 0 நிமிட ரியூப் மூண்டு மணித்தியாலம் காத்திருக்குது. 30 நிமிட ரியூப் இரண்டரை. 120 நிமிடத்தது ஒண்டு. 180 நிமிடத்தது உடன சுழலுது. ஆக அடிமட்டம்தான் கூடுதலாக் குறைஞ்சு போகுது, கடைசி அப்படியே இருக்குது. 5 வீதம் எண்டு வைச்சு உங்கட ஆளுக்கு ஒவ்வொரு ரியூப்பும் காத்திருந்த நேரத்துக்குத் திருப்பிக் கணிச்சால்:

0 நிமிடம்: 79 → 92
30: 148 → 168
60: 131 → 145
90: 108 → 117
120: 96 → 101
180: 88 → 88

விலகல்கள் 76, 53, 25, 9, −4. உண்மையில அந்த ஆள் மூண்டு மணித்தியாலத்தில அடிமட்டத்துக்குக் கீழ இறங்கியிருக்கலாம். உங்கட தாளில +9 எண்டு நிக்குது. சாதாரண ஆளை, சீனி திரும்பி வராத ஆள் மாதிரி ரியூப்பே காட்டிப்போட்டுது.

(5 வீதம் எண்டது ஒரு எடுகோள். இதை வைச்சு ஆருக்கும் ரிப்போட் எழுதக் கூடாது.)

நோய் கண்டறியிற பக்கத்தில இது எதிர்ப்பக்கமாக் கடிக்கும். வெறுவயிற்றுச் சீனி 128 உள்ள ஒராளின்ர குருதி இரண்டு மணித்தியாலம் சுழற்றாமல் கிடந்து மணிக்கு 6 வீதம் போனால் 113 எண்டு வரும். நீரிழிவுக்கான 126 கோட்டுக்கு மேல நிண்டவர் கீழ வந்திட்டார். துணுக்காயில, ஒட்டுசுட்டானில எடுத்த குருதியை மோட்டச்சைக்கிளில தூர ஆய்வுகூடத்துக்கு அனுப்பிற இடங்களில இதைக் கட்டாயம் யோசிக்க வேணும்.

சரியான முறை எண்டால்:

சாம்பல் மூடி (புளோரைட்) ரியூப். ஆனால் புளோரைட்டை முழுக்க நம்பக் கூடாது. அது குளுக்கோசு உடையிற பாதையின்ர பின்பக்கத்தில உள்ள ஈனோலேசு நொதியத்தைத்தான் தடுக்குது. முன்பக்கப் படிகள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதால முதல் ஒண்டு இரண்டு மணித்தியாலத்தில சில மில்லிகிராம் போகும். அதுக்குப் பிறகு நிண்டுவிடும். சித்திரிக் அமிலத் தாங்கல் உள்ள ரியூப் கிடைச்சால் அது உடனயே நிப்பாட்டும். ஒண்டும் இல்லாட்டி ஐசும் தண்ணியும் கலந்த பெட்டியில ரியூப்பைக் கழுத்து மட்டம் தாட்டு வைச்சு, 30 நிமிடத்துக்குள்ள சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேணும். வெறும் ஐஸ்கட்டிக்கு மேல வைச்சால் போதாது, தண்ணி தொட்டால்தான் கெதியாக் குளிரும்.

புளோரைட் ரியூப்பை அடையாளக் கோடு மட்டும் நிரப்புங்கோ. பாதி நிரப்பினால் உப்புச் செறிவு கூடி, கலத்துக்குள்ள இருக்கிற தண்ணி வெளிய வந்து பிளாஸ்மாவை ஐதாக்கும், கலமும் உடையும். எட்டுத் தரம் மெல்லக் கவிட்டு நிமிர்த்துங்கோ, குலுக்கக் கூடாது.

இன்சுலினுக்கு வேற ரியூப். செங்கலம் உடைஞ்ச குருதியில இன்சுலினை அழிக்கிற நொதியம் வெளிய வந்திடும், இன்சுலின் பொய்யாக் குறைஞ்சு காட்டும். சீரம் இளஞ்சிவப்பாத் தெரிஞ்சால் இன்சுலினுக்கு அதை விடுங்கோ. சுழற்றிப் பிரிச்சு உறையவைச்சு, ஒரு ஆளின்ர எல்லா மாதிரியையும் ஒரே ஓட்டத்தில செய்ய வேணும்.

கனூலா போட்டு எடுத்தால், முந்திச் சேலைன் விட்ட குழாயெண்டால் முதல் 2 மில்லிலீற்றரை ஒதுக்கிப்போட்டு எடுங்கோ. இல்லாட்டி ஐதான குருதிதான் வரும், வளையியில ஒரு பள்ளம் விழும், நீங்கள் அதுக்கு ஒரு மீடிறன் கண்டுபிடிப்பியள்.

குளுக்கோசுத் தூளையும் கேளுங்கோ. 75 கிராம் எண்டது நீரற்ற குளுக்கோசு. நீர்மூலக்கூறு ஒண்டு சேர்ந்த குளுக்கோசு எண்டால் 82.5 கிராம் நிறுக்க வேணும். அதை 75 நிறுத்துக் குடுத்தால் உள்ள போறது 68 கிராம்தான். 250 – 300 மில்லிலீற்றர் தண்ணியில கரைச்சு ஐஞ்சு நிமிடத்துக்குள்ள குடிக்க வேணும். நேரம் முதல் மடக்கில தொடங்குது, கடைசி மடக்கில இல்லை. தாளில "30" எண்டு எழுதாமல் 33 நிமிடம் எண்டால் 33 எண்டே எழுதச் சொல்லுங்கோ. உங்கட சமன்பாட்டுக்கு 33 ஒரு பிரச்சினையே இல்லை, பொய்யான 30தான் பிரச்சினை.


இரணைமடு எழுதியது:

எம்.எல்.ரி தந்த திருத்திய எண்களை அதே தொடர்பில் போட்டேன்.

25 = 53ப + 76க
9 = 25ப + 53க
ப = 0.705, க = −0.163. க மறை எண், ப² + 4க உம் மறை. தணிந்த அலைவுக்குள் வந்துவிட்டது.

அ = நிமிடத்துக்கு 0.0303, ம = 0.0169, ம₀ = 0.0347.
இயல்பு ஆவர்த்தன காலம் 2π/ம₀ = 181 நிமிடம்.
முன்னைய உங்கள் வழியில் 2π/ம = 371 நிமிடம், ஆறு மணித்தியாலத்துக்கு மேல். ஒரே ஆள், ஒரே எண்கள்.

இனி நான் சொல்ல வைத்திருந்த எல்லை. 90 நிமிடப் பெறுமானத்தை 117க்குப் பதில் 119 என்று எடுங்கோ. 2 மில்லிகிராம், நல்ல ஆய்வுகூடத்திலும் வரக்கூடிய வித்தியாசம். திரும்பத் தீர்த்தால் ப = 0.987, க = −0.333, அ = 0.0183, ம₀ = 0.0258, காலம் 243 நிமிடம். மூன்று மணித்தியாலத்தில் நின்றவர் நாலு மணித்தியாலக் கோட்டைத் தாண்டிவிட்டார். இத்தனைக்கும் 180 நிமிடத்தில் முதல் தீர்வு ஏறத்தாழ 0 என்று சொல்கிறது, இரண்டாவது −3 என்று சொல்கிறது, தரவு −4. அதாவது கோட்டைத் தாண்டிய தீர்வுதான் கடைசிப் புள்ளிக்குக் கிட்ட நிற்கிறது.

நான்கு புள்ளியை மட்டும் எடுத்ததால் ஆட்டம் பெரிதாகத் தெரிகிறது, ஐந்தையும் இழிவு வர்க்க முறையில் பொருத்தினால் சற்றுக் குறையும். ஆனால் அடிப்படைச் சிக்கல் தீராது: தெரியாக் கணியங்கள் நாலு, குடித்த பின் உள்ள புள்ளிகள் ஐந்து, எஞ்சுவது ஒரே ஒரு சுயாதீனப் படி. அதை வைத்துப் பொருத்தம் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.

ஆகவே ஒவ்வொருவருக்கும் இப்படிச் செய்யுங்கோ. ஆவர்த்தன காலத்தை 120 நிமிடம் தொடக்கம் 420 வரை பத்துப் பத்தாக நிலையாக வைத்து, மற்ற மூன்றையும் பொருத்தி, எஞ்சிய வர்க்கக் கூட்டுத்தொகையை வரையுங்கோ. ஒடுங்கிய பள்ளம் வந்தால் காலத்தை அறிக்கையில் எழுதலாம். பள்ளமில்லாமல் தட்டையாக வந்தால் அந்த ஆளுக்குக் காலம் என்று ஒன்றைச் சொல்லாதீர்கள். அல்லது பொருத்திய வளையியோடு 2 மில்லிகிராம் நியம விலகலுள்ள எழுமாற்றுப் பிழையைச் சேர்த்து 500 தரம் பொருத்தி, வரும் காலங்களின் பரவலைக் காட்டுங்கோ. உங்கள் செயற்றிட்டத்தின் பெறுமதி அந்தப் பரவலில்தான் இருக்கிறது.

மாதிரியுருவின் அடிப்படைக் குறையும் ஒன்று. குடித்த குளுக்கோசு ஒரே கணத்தில் குருதிக்குள் விழுந்ததாக அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் வயிறு காலியாகி, குடல் உறிஞ்சி முடிய இரண்டு மூன்று மணித்தியாலம் போகும். மெதுவாக வயிறு காலியாகும் ஆளின் வளையி நீண்டுவிடும், மாதிரியுரு அதை "இன்சுலின் மந்தம்" என்று வாசிக்கும். மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு சீனியைக் கூட்டும் குளுக்ககோனும் அதிரீனலினும் குறுக்கே வருவதால் நேரத்தை நீட்டியும் தப்ப முடியாது.

இன்சுலின் உணர்திறன்தான் வேண்டுமென்றால் பேர்க்மனும் கொபெல்லியும் 1979இல் தந்த இழிவு மாதிரியுருவுக்குப் போக வேண்டும்.

கு′ = −(சு + தா)·கு + சு·கு₀
தா′ = −ந·தா + ய·(இ − இ₀)

கு குளுக்கோசு, இ இன்சுலின், கு₀, இ₀ அவற்றின் வெறுவயிற்றுப் பெறுமானங்கள், ந, ய மாறிலிகள். தா என்பது குருதியில் உள்ள இன்சுலின் அல்ல, தசையிலும் ஈரலிலும் சற்றுப் பிந்தி நடக்கும் அதன் தாக்கம். சு, இன்சுலின் கூடாமலே குளுக்கோசு தானாக இறங்கும் திறன். உணர்திறன் = ய ÷ ந. இங்கே அளந்த இன்சுலினை உள்ளீடாகக் கொடுக்கிறோம், புள்ளிகளுக்கு இடையில் நேர்கோடு போட்டு. இன்சுலினைக் கணித்துத் தரும் சமன்பாட்டையும் சேர்த்து மூடிய தொகுதியாக்கி உறுதிநிலை ஆராய வேண்டாம். அந்த இன்சுலின் சமன்பாட்டில் நேரம் வெளிப்படையாகப் பெருக்கப்பட்டிருக்கிறது, ஒரு ஊசிச் சோதனைக்கு மட்டும் எழுதப்பட்டது அது. அப்படி இணைத்தால் சமநிலையே இல்லாமல் போகலாம் என்று டி கேட்டனோவும் அரினோவும் 2000இல் காட்டினார்கள்.

ஆனால் அதற்கான சோதனை நாளத்தில் குளுக்கோசு ஏற்றுவது: கிலோவுக்கு 0.3 கிராம், 20ஆவது நிமிடத்தில் கிலோவுக்கு 0.03 அலகு இன்சுலின், மூன்று மணித்தியாலத்தில் குறைந்தது பன்னிரண்டு குருதி. 20ஆவது நிமிட இன்சுலின் ஏனென்றால், சதையி சோர்ந்த ஆளில் இன்சுலின் எழும்பாது, எழும்பாவிட்டால் தா அசையாது, ய-வும் ந-வும் பிரித்தறிய முடியாமல் போகும். முதல் எட்டு நிமிடப் புள்ளிகள் பொருத்தலில் சேராது, குளுக்கோசு அப்போது உடலில் கலந்துகொண்டிருக்கிறது. பட்டதாரிச் செயற்றிட்டத்துக்காக இதை ஒருவருக்கும் செய்யக் கேட்காதீர்கள்.

குடிக்கும் சோதனைக்கென்று 2002இல் டல்லா மான், கவுமோ, கொபெல்லி தந்த வடிவம் இருக்கிறது. குடலிலிருந்து வரும் வீதத்தைத் துண்டு துண்டான நேர்கோடுகளாக எடுத்து, அதன் மொத்தப் பரப்பு குடித்த அளவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நிபந்தனை போடுவது. ஏழு புள்ளி (0, 10, 20, 30, 60, 90, 120) என்றாலும் ஒவ்வொன்றுக்கும் இன்சுலின் வேண்டும், 10, 20 நிமிடப் புள்ளிகளும் வேண்டும். உங்கள் தரவில் அவை இல்லை.

இருக்கிற தரவுக்கு ஏற்றது, ஓ.ஜி.ரி.ரி எண்களிலிருந்தே இன்சுலின் உணர்திறனைக் கணிக்கும் மற்சுடா சுட்டி. 0, 30, 60, 120 நாலிலும் இன்சுலின் இருக்கிறவர்களை மட்டும் எடுங்கோ. குளுக்கோசு 94, 152, 138, 112, இன்சுலின் 9, 62, 70, 48 என்றால் சராசரிகள் 124, 47.25.

10000 ÷ √(94 × 9 × 124 × 47.25) = 4.5

இங்கே குளுக்கோசு மில்லிகிராமில்தான் இருக்க வேண்டும், ஹோமாவுக்கு எதிர்மாறு. முதல் அரை மணித்தியாலச் சுரப்புக்கு (62 − 9) ÷ (152 − 94) = 0.91. இரண்டையும் சேர்த்து வாசியுங்கோ: உணர்திறன் குறைந்தாலும் சுரப்பு ஈடுகட்டிக் கூடியிருந்தால் ஒரு கதை, இரண்டும் குறைந்திருந்தால் வேறு கதை.


கிளினிக் டொக்டர் எழுதியது:

மேலே உள்ளவற்றோடு உடன்படுகிறேன். நோய் கண்டறிவது பற்றி மட்டும் கொஞ்சம்.

4 மணித்தியாலக் கோடு எந்த வழிகாட்டியிலும் நீரிழிவுக்கான அளவுகோல் இல்லை. அளவுகோல் இவற்றில் ஏதாவது ஒன்று: வெறுவயிற்றில் 126 அல்லது மேல், 75 கிராமுக்கு 2 மணித்தியாலத்தின் பின் 200 அல்லது மேல், எச்.பி.ஏ1சி (கடந்த சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் சோதனை) 6.5 வீதம் அல்லது மேல். அறிகுறி இல்லாதவரில் ஒரு தடவை வந்தது போதாது, இன்னொரு நாளில் உறுதிப்படுத்த வேண்டும். 2 மணித்தியாலத்தில் 140 – 199 என்றால் குளுக்கோசுச் சகிப்புக் குறைவு. உங்கள் ஆள் 92, 101. அவர் நோயாளி இல்லை, கணக்கு என்ன சொன்னாலும். செயற்றிட்டத்தில் "மாதிரியுரு இவருக்கு நீரிழிவு என்கிறது" என்ற வசனம் வரக்கூடாது. கிளினிக்குக்கு அந்தக் காலங்களைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

கர்ப்பிணித் தாய்மாரின் தரவு கலந்திருந்தால் தனியாகப் பிரியுங்கள். அவர்களுக்குக் கோடு வேறு (வெறுவயிற்றில் 92, 1 மணித்தியாலத்தில் 180, 2 மணித்தியாலத்தில் 153, இவற்றில் ஒன்றை எட்டினாலே), கர்ப்பம் முன்னேற இன்சுலின் எதிர்ப்பும் இயல்பாகக் கூடும். ஒரே பரமானப் பரவலில் இவர்களையும் போட்டால் இரண்டு குன்று வரும்.

சோதனைக்கு முந்திய மூன்று நாளும் ஒரு நாளைக்கு 150 கிராமுக்குக் குறையாத மாச்சத்துச் சாப்பிட்டிருக்க வேண்டும். எங்கள் ஊரில் புட்டும் சோறும் சாப்பிடுகிறவருக்கு அது தானாக வந்துவிடும். ஆனால் கந்தசஷ்டி விரதம் ஆறு நாளும் பிடித்தவர், சீனிக்குப் பயந்து ஒரு கிழமை சோற்றை நிறுத்திவிட்டு வந்தவர், இவர்களுக்குப் பீட்டா கலங்கள் மந்தமாகவே பதில் சொல்லும். வளையி நீரிழிவுக்காரருடையது போல உயர்ந்து நிற்கும். விரதம் முடிந்து ஒரு கிழமை கழித்து வைக்கச் சொல்லுங்கள். நேர்மாறாக, முதல் நாள் முழுக்க வயலில் அருவி வெட்டியவர், காலையில் பத்துக் கிலோமீற்றர் சைக்கிள் உழக்கி வந்தவர், இவர்களின் தசை இன்சுலின் இல்லாமலே குளுக்கோசை இழுக்கும், உணர்திறன் தற்காலிகமாகக் கூடித் தெரியும். வந்தவரைக் குறைந்தது அரை மணித்தியாலம் இருத்தி வைத்துத்தான் முதற் குருதி எடுக்க வேண்டும். சோதனை முடியும்வரை நடக்கவோ புகைக்கவோ கூடாது.

வெக்கையும் கணக்கில் வரும். கை சூடானால் தோலூடாகக் குருதியோட்டம் கூடி, நாளக் குருதி நாடிக் குருதிக்குக் கிட்டப் போகும். குளுக்கோசு குடித்த பின் நாடிக் குருதியில் சீனி கூட. ஆகவே தகரக் கூரைக்குக் கீழே பங்குனி மத்தியானத்தில் எடுத்ததும் மார்கழி மழையில் எடுத்ததும் ஒப்பிடத்தக்கவை அல்ல. மாதத்தை ஒரு மாறியாகப் பதியுங்கள். விரல் நுனியில் குத்திக் குளுக்கோமீற்றரில் பார்த்த எண்களை நாளப் பிளாஸ்மா எண்களோடு ஒரே வளையியில் சேர்க்கவே வேண்டாம்.

ஹோமாவில் இன்னுமொன்று. இன்சுலினை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிறுநீரக நோய் உள்ளவரில் வெறுவயிற்று இன்சுலின் தேங்கி உயரும், ஹோமா "எதிர்ப்பு" என்று சொல்லும். சிறுநீரக நோய் கூடிய வவுனியாப் பக்கத் தரவு இருந்தால், சிறுநீரகத் தொழிற்பாட்டைக் காட்டும் கிரியற்றினினும் கேட்டு வாங்குங்கள். இன்சுலின் ஊசி போடுகிறவருக்கு ஹோமா கணிக்கவே கூடாது. அத்துடன் இன்சுலின் அளக்கும் முறைகள் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபடுவதால், இணையத்தில் கிடைக்கும் "2.5க்கு மேல் எதிர்ப்பு" போன்ற வெட்டுப் புள்ளியை இங்கே தூக்கி வைக்க முடியாது. ஒரே ஆய்வுகூடத்தில் செய்த உங்கள் ஆட்களை ஒருவரோடொருவர் ஒப்பிடலாம், அவ்வளவுதான்.


பாம்பைமடு மாணவி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ம₀ வைத்துத் திரும்பக் கணித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. ஒன்றாகச் சுழற்றிய அந்தப் பழைய தொகுதி முழுவதற்கும் எம்.எல்.ரி அண்ணை செய்த 5 வீதத் திருத்தத்தைப் போட்டுப் பயன்படுத்தலாமா?


மல்லாவி எம்.எல்.ரி எழுதியது:

அப்படியே போடக் கூடாது தங்கச்சி. 5 எண்டது நான் காட்டிறதுக்கு எடுத்த எண். 7 எண்டு எடுத்தால் உங்கட ஆளின்ர 79, 98 ஆகிப்போம், கடைசி விலகல் −10. அந்த அறையின்ர சூடு, ரியூப், ஆளின்ர கலங்களின்ர எண்ணிக்கை, எல்லாத்தோடயும் மாறும்.

செய்யக்கூடியது ஒண்டு. அதே ஆய்வுகூடத்தில, அதே ரியூப்பில, அனுமதி எடுத்து, விருப்பமான ஆறேழு பேரிட்ட ஒரு தரம் மட்டும் குருதி எடுக்கச் சொல்லுங்கோ. ஒராளின்ர குருதியை ஏழாப் பிரிச்சு அதே ராக்கில வைச்சு, உடனயும், பிறகு ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் ஒண்டாச் சுழற்றிப் பிரிச்சு, ஏழையும் ஒரே ஓட்டத்தில அளக்க வேணும். குளுக்கோசின்ர மடக்கையை நேரத்துக்கு எதிரா வரைஞ்சால் சரிவுதான் அந்த அறையின்ர குறைவு வீதம். ஆளுக்காள் அந்தச் சரிவு எவ்வளவு மாறுது எண்டதையும் குறிச்சுக்கொள்ளுங்கோ. அந்தப் பரவலை இரணைமடு சொன்ன 500 தரப் பொருத்தலுக்குள்ள போடுங்கோ, ஒவ்வொரு தரமும் ஒரு வீதத்தை எழுமாற்றா எடுத்து. அதுக்குப் பிறகும் பள்ளம் ஒடுக்கமா இருக்கிற ஆட்களை வைச்சிருங்கோ. மற்ற ஆட்களை விடுங்கோ, எத்தினை பேரை ஏன் விட்டனீங்கள் எண்டதை அறிக்கையில எழுதுங்கோ.

சூட்டுக்கு ஒரு வெப்பமானியை ராக்குக்குப் பக்கத்தில வையுங்கோ. ஆய்வுகூடத்தில ஏ.சி ஓடிற நாளில இந்தப் பரிசோதனையைச் செய்து, ஏ.சி இல்லாத நாள் எடுத்த பழைய தரவுக்குப் போட்டால் திரும்ப முதல் பிழைக்கே வந்து நிப்பியள்.